கணினிக் கேள்வி பதில்: பாடல்கள் வந்தன, நட்சத்திரங்கள் வரவில்லை

கேள்வி: எங்கள் வீட்டு மேசைக் கணினியில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் இருக்கிறது. அதில் ரிதம்பாக்ஸ் என்ற பாடல் மென்பொருள் வழியாகப் பல ஆண்டுகளாகப் பாட்டுக் கேட்டுவரும் என் தந்தை, பிடித்த பாடல்களுக்கு நட்சத்திரம் இட்டும் தனித்தனிப் பட்டியல்கள் அமைத்தும் வைத்திருக்கிறார். புதிய மடிக்கணினிக்குப் பாடல் கோப்புறையை முழுவதும் நகலெடுத்தேன். பாடல்கள் வந்துவிட்டன, நட்சத்திரங்களும் பட்டியல்களும் வரவில்லை. பழைய கணினி இன்னும் இயங்குகிறது. அவற்றை மீட்க முடியுமா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: முழுவதையும் மீட்கலாம். பழைய கணினியை அழிக்கும் முன் கேட்டது நல்லதாயிற்று. ஏனெனில், நீங்கள் தேடுபவை பாடல் கோப்புகளுக்குள் இல்லவே இல்லை. பாடலின் பெயர், பாடியவர், தொகுப்பு போன்ற விவரங்கள் கோப்பிலேயே பதிந்திருக்கும். ஆனால் நட்சத்திரம், எத்தனை முறை கேட்டார், கடைசியாக எப்போது கேட்டார் என்பவற்றை ரிதம்பாக்ஸ் தன் சொந்தப் பதிவேட்டில் மட்டுமே எழுதுகிறது. பாடலை வேறு இடத்திலிருந்து மறுபடியும் பெறலாம். உங்கள் தந்தை கேட்டுக் கேட்டு இட்ட மதிப்பீட்டை வேறு எங்கிருந்தும் பெற முடியாது. ஆகவே பேக்கப் எடுக்கும்போது முதல் கவனம் அந்தப் பதிவேட்டுக்கே போக வேண்டும்.

அது பயனரின் ஹோம் கோப்புறைக்குள், பெயரின் முன்னால் புள்ளி வைத்த ‘லோக்கல்’ என்ற மறைந்த கோப்புறையில், ‘ஷேர்’ என்பதன் உள்ளே ‘ரிதம்பாக்ஸ்’ என்ற பெயரில் இருக்கிறது. கோப்பு மேலாளரில் கன்ட்ரோல் விசையுடன் ஹெச் விசையை அழுத்தினால் மறைந்த கோப்புறைகள் தெரியும். அங்கே இரண்டு எக்ஸ்எம்எல் (உரை வடிவக்) கோப்புகள் முக்கியமானவை. ‘ரிதம்டிபி’ என்பதில் பாடல்களின் விவரங்களோடு இணைய வானொலி நிலையங்களும் பாட்காஸ்ட் சந்தாக்களும் இருக்கும். ‘பிளேலிஸ்ட்ஸ்’ என்பதில் பாடல்பட்டியல்கள் இருக்கும். நீங்களாகச் சேர்த்த செருகுநிரல்கள் (கூடுதல் வசதி தரும் சிறு நிரல்கள்) இருந்தால் அவையும் அதே கோப்புறைக்குள்தான் இருக்கும் என்பதால், அதை முழுவதுமாக நகலெடுப்பதே நல்லது. ரிதம்பாக்ஸை ஃப்ளாட்பேக் என்ற தனிப் பொதி முறை வழியாக நிறுவியிருந்தால் மட்டும் இடம் மாறும்: ஹோமில் புள்ளியுடன் தொடங்கும் ‘வார்’ கோப்புறையில், ‘ஆப்’ என்பதன் உள்ளே ரிதம்பாக்ஸின் பெயர் தாங்கிய கோப்புறையைத் தேடுங்கள்.

நகலெடுக்கும் முன் ரிதம்பாக்ஸைக் கட்டாயம் மூடிவிடுங்கள். அது பதிவேட்டை நினைவகத்தில் வைத்துக்கொண்டு இயங்குகிறது, மூடும்போது எழுதுகிறது. திறந்திருக்கையில் எடுத்த நகலில் அன்று இட்ட நட்சத்திரங்கள் விடுபடலாம். புதிய கணினியில் இதன் விளைவு இன்னும் மோசம்: ரிதம்பாக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது பழைய பதிவேட்டைக் கொண்டுபோய் வைத்தால், மூடும் நேரத்தில் அது தன்னிடமுள்ள வெறும் பதிவேட்டை அதன் மேல் எழுதிவிடும்.

ரிதம்பாக்ஸின் அமைப்புகள் (செட்டிங்ஸ்) இந்தக் கோப்புறையில் இல்லை. அவை டிகான்ஃப் என்ற பொதுக் களஞ்சியத்தில் மேசைத்தளத்தின் மற்ற அமைப்புகளோடு கலந்து கிடக்கின்றன. அந்தக் களஞ்சியக் கோப்பையே தூக்கிக்கொண்டு போனால் புதிய கணினியின் எல்லா அமைப்புகளும் மாறிவிடும். ஆகவே அதைச் செய்யாதீர்கள். டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டும் சாளரத்தில்) டிகான்ஃப் கட்டளையின் ‘டம்ப்’ வசதியைப் பயன்படுத்தி, ஆர்க், க்னோம், ரிதம்பாக்ஸ் என்று சாய்கோடுகளால் பிரித்த பாதைக்குக் கீழே உள்ளதை மட்டும் ஓர் உரைக் கோப்பில் சேமிக்கலாம். புதிய கணினியில் ‘லோட்’ வசதி அதைத் திரும்ப ஏற்றும். பாதையின் தொடக்கத்திலும் முடிவிலும் சாய்கோடு இருக்க வேண்டும். கடைசிச் சாய்கோட்டை விட்டுவிட்டால் கட்டளை ஏற்காது.

இனிப் பலரும் இடறும் இடத்துக்கு வருகிறேன். பதிவேடு ஒவ்வொரு பாடலையும் அதன் முழு முகவரியால்தான் அடையாளம் காண்கிறது. அந்த முகவரியில் ஹோமுக்கு அடுத்தபடியாகப் பயனர் பெயரும் இருக்கிறது. பழைய கணினியில் தந்தையின் பெயரும் புதியதில் உங்கள் பெயரும் பயனர் பெயராக இருந்தால், பழைய பதிவுகள் அனைத்தும் ‘காணாமற்போன கோப்புகள்’ என்ற தலைப்பின்கீழ் போய்விடும். அதே பாடல்கள் நட்சத்திரமின்றிப் புதியனவாகச் சேரும். புதிய கணினியிலும் அதே பயனர் பெயரையும் அதே கோப்புறைப் பெயரையும் வைத்துக்கொள்ள முடிந்தால் இந்தச் சிக்கல் எழாது, அதையே நான் முதலில் பரிந்துரைப்பேன். முடியாவிட்டால், முகவரியின் தொடக்கப் பகுதியை உரைத் திருத்தியில் ‘தேடி மாற்று’ கொண்டு மாற்றலாம். ரிதம்டிபியில் மட்டும் மாற்றினால் போதாது. கையால் சேர்த்த பட்டியல்களும் பாடல்களை முகவரியாகவே வைத்திருப்பதால் பிளேலிஸ்ட்ஸ் கோப்பிலும், பாடல் கோப்புறையின் இடம் குறிக்கப்பட்டிருப்பதால் டிகான்ஃப் உரைக் கோப்பிலும் அதே மாற்றத்தைச் செய்ய வேண்டும். நிபந்தனைகளால் தானாக அமையும் பட்டியல்களுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

தமிழில் பெயரிட்டிருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். முகவரியில் தமிழ் எழுத்து அப்படியே இராது. சதவீதக் குறிகளோடு கூடிய குறியீடாக மாறியிருக்கும். ‘இ’ என்ற ஒரே எழுத்து 9 குறிகளாகவும், ‘கி’ என்பது ‘க’ எழுத்தும் இகரக் குறியும் தனித்தனியே குறிக்கப்படுவதால் 18 குறிகளாகவும் நீளும். இதனால் ‘இசை’ என்று தேடினால் அகப்படாது. ‘இசை’ என்று தட்டி மாற்றினாலும் பொருந்தாது. எளிய வழி ஒன்று உண்டு. புதிய கணினியில் ரிதம்பாக்ஸில் ஒரே ஒரு பாடலைச் சேர்த்து, அதை மூடிவிட்டு, புதிதாக உருவான ரிதம்டிபியைத் திறந்து பாருங்கள். ‘லொகேஷன்’ என்ற குறிக்குள் உங்கள் கோப்புறையின் சரியான முகவரி எழுதப்பட்டிருக்கும். அதையே எடுத்து ஒட்டுங்கள். பிறகு பழைய பதிவேட்டை அதன் இடத்தில் வைத்து ரிதம்பாக்ஸைத் திறக்கலாம்.

கேள்வி: பாடல்களை பென்டிரைவில் நகலெடுக்கும்போது சில கோப்புகள் மட்டும் பிழை காட்டி நின்றுவிடுகின்றன. ஏன்?
— வாசகர், மதுரை

பதில்: உங்கள் பென்டிரைவ் ஃபேட்32 என்ற கோப்பு அமைப்பு முறையில் அமைந்திருக்கக்கூடும். கோப்புப் பெயரில் கேள்விக்குறி, முக்காற்புள்ளி, இரட்டை மேற்கோள் ஆகியவற்றை லினக்ஸ் அனுமதிக்கும், ஃபேட்32 அனுமதிக்காது. பெயரை மாற்றி நகலெடுத்தால் மேலே சொன்ன முகவரிப் பொருத்தம் கெட்டுவிடும். எனவே பாடல் பேக்கப்புக்கென்று ஒரு வன்தட்டை ஒதுக்கி, லினக்ஸின் இஎக்ஸ்டி4 முறையில் வடிவமைத்து, ஆர்சிங்க் என்ற நகலெடுப்புக் கருவி கொண்டு நகலெடுப்பதே உறுதியான வழி. பதிவேட்டை மட்டும் பென்டிரைவில் வைப்பதானால் பல கோப்புகளை ஒன்றாகக் கட்டும் டார் கோப்பாக வைக்கலாம்; ஆயிரக்கணக்கான பாடல்கள் இருந்தாலும் அது சில மெகாபைட்டுகளில் அடங்கிவிடும். கோப்பின் பெயரில் தேதியைச் சேர்த்து, பழைய நகல்களையும் விட்டுவையுங்கள். ஒரே நகலின் மேல் திரும்பத் திரும்ப எழுதினால், பதிவேடு பழுதான நாளில் நல்ல நகலையும் அந்தப் பழுது மூடிவிடும்.

கேள்வி: பாட்டுக் கேட்க நான் ஸ்ட்ராபெரி என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். இதே முறைதானா?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: கோட்பாடு அதேதான், இடம் வேறு. ஸ்ட்ராபெரியின் பதிவேடு, ‘லோக்கல்’, ‘ஷேர்’ வழியே சென்றால் வரும் ‘ஸ்ட்ராபெரி’ கோப்புறையிலும், அமைப்புகள் ‘கான்ஃபிக்’ என்ற மறைந்த கோப்புறையிலும் இருக்கின்றன. பதிவேடு எஸ்கியூலைட் என்ற தரவுத்தள வடிவில் இருப்பதால் உரைத் திருத்தியில் திறந்து முகவரியை மாற்ற முடியாது. பயனர் பெயரையும் பாதையையும் மாற்றாமல் வைத்துக்கொள்வது உங்களுக்கு இன்னும் அவசியம். ஸ்ட்ராபெரி, கிளெமென்டைன் என்ற பாடல் மென்பொருளிலிருந்து பிரிந்து வளர்ந்தது. கிளெமென்டைனில் மதிப்பீட்டைப் பாடல் கோப்பிலேயே எழுதிவைக்கும் தெரிவும் உண்டு. கிளெமென்டைனைப் பயன்படுத்துவோர் இப்போதே அந்தத் தெரிவை இயக்கிவைத்தால், பதிவேடு தொலைந்தாலும் நட்சத்திரங்கள் பாடலோடு தங்கும்.