தோள்வலிக்குத் தியானம் கேட்குமா?

கேள்வி: மேடம், நான் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் அடிக்கிறேன். பெரும்பாலும் ஒன்றரை ஷிப்ட். சாயந்திரம் ஆனால் கழுத்திலிருந்து வலது தோள்பட்டை வரை பிடித்து இழுக்கிறது. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்கிறார்கள். மாத்திரை போட்டால் வயிறு எரிகிறது. தியானம் செய்யச் சொல்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. இந்த வலியோடு எப்படி உட்கார்வது?
- வாசகி, திருப்பூர்

பதில்: உட்கார வேண்டாம் சகோதரி, படுத்துக்கொள்ளுங்கள். நாளெல்லாம் மெஷின் முன்னால் குனிந்திருந்த உடம்பைச் சம்மணம் போட்டு நிமிரச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வலி அடியோடு போய்விடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதன் மேல் நாம் ஏற்றி வைக்கிற பாரம் குறையும். பிசியோதெரபிஸ்டாக இதைத் தினமும் கையாலேயே உணர்கிறேன். தோளைப் பிடித்துவிடும்போது ஒருவர் கடன், பிள்ளை ஃபீஸ் என்று பேச ஆரம்பித்தால், என் விரலுக்கடியிலேயே தசை இறுகும். ‘நாளைக்கு எப்படி வேலைக்குப் போவேன், தைக்கிற பீஸ் எண்ணிக்கை குறைந்தால் என்ன சொல்வார்களோ’ என்ற ஒவ்வொரு நினைப்புக்கும் தோள் காதுப் பக்கம் ஏறும். ஏற ஏற வலி கூடும். ‘சல்லத்த சுத்தம்’ என்ற பௌத்த உரையில் புத்தர் சொன்ன இரண்டு அம்புகள் இவைதாம். உடம்பில் தைத்தது ஒன்று, அதை எண்ணி மனம் புழுங்குவது இன்னொன்று. இரண்டாவதைத்தான் நாம் பிடுங்கப் பார்க்கிறோம்.

1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-சின் தியானப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். அவரிடம் வந்தவர்களில் பலர் நாள்பட்ட வலிக்காரர்கள். அங்கே முதலில் கற்றுத்தருவதே படுத்துக்கொண்டு செய்வதுதான்.

பாயில் மல்லாந்து படுங்கள். முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை, வலிக்கும் தோளுக்கு அடியில் மடித்த துண்டு. இடது கால் விரலில் தொடங்குங்கள். பாய் படுகிறதா, ஃபேன் காற்று தெரிகிறதா என்று மட்டும் கவனியுங்கள். பாதம், கெண்டைக்கால், தொடை என மெதுவாக மேலே வாருங்கள். அடுத்து வலது கால், இடுப்பு, முதுகு, வயிறு, கைகள். தோளுக்கு வந்ததும் அவசரப்பட்டுத் தாண்டிப் போக வேண்டாம். எரிகிறதா, இழுக்கிறதா, குத்துகிறதா? எந்த இடத்தில் தொடங்கி எங்கே முடிகிறது? மொத்தத் தோளும் வலிக்கிறது என்று நினைத்தவர்கள் பலர், நின்று பார்த்தால் கழுத்தோரம் ஒரு சின்ன இடம்தான் என்கிறார்கள். தாங்க முடியவில்லையா, கவனத்தை உள்ளங்கைக்கு மாற்றிவிட்டு அப்புறம் திரும்பி வாருங்கள். நடுவில் தூங்கிவிட்டாலும் பரவாயில்லை.

கம்பெனியில் நூல் அறுந்து மறுபடி கோர்ப்பீர்கள் அல்லவா, கோர்த்து முடித்ததும் நீளமாக ஒரு மூச்சு விட்டுத் தோளைத் தளர்த்துங்கள். இதற்காக யாரிடமும் பெர்மிஷன் கேட்க வேண்டியதில்லை.

2011-இல் அமெரிக்காவில் ஃபாடல் சைடானும் குழுவும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தினம் 20 நிமிடமாக 4 நாள் தியானம் பயின்றவர்களின் காலில் வலிக்கும் அளவு சூடு படவைத்துப் பார்த்தார்கள். தியானத்தில் இருந்தபோது வலியின் அளவு சராசரியாக 40 சதவீதமும், அது தரும் வேதனை 57 சதவீதமும் குறைந்திருந்தன. வேதனைதான் அதிகம் குறைந்தது என்பதைக் கவனியுங்கள். அவர்கள் ஆரோக்கியமானவர்கள், உங்களுடையதோ தினசரி வலி. அதனால் சில வாரங்களாவது பொறுங்கள்.

கை மரத்துப்போனாலோ, பிடித்த பொருள் நழுவினாலோ தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சுவலியும் வியர்வையும் சேர்ந்து வந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். வயிற்றெரிச்சலையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், மாத்திரையை மாற்றித் தருவார்.

கேள்வி: கண்ணை மூடினாலே ஆபீஸ் ஞாபகம்தான். எனக்குத் தியானம் வராதா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: வரும். ஆபீஸ் ஞாபகம் வந்துவிட்டது என்று தெரிந்து, கோபப்படாமல் மூச்சுக்குத் திரும்புகிறீர்களே, அந்தத் திரும்புதல்தான் பயிற்சி. பத்து நிமிடத்தில் முப்பது தடவை திரும்பினாலும் சரிதான்.

கேள்வி: ஒற்றைத் தலைவலிக்காக 10 நாள் விபாசனா தியான முகாமுக்குப் போகலாமா?
- வாசகி, தாம்பரம்

பதில்: பர்மாவில் பிறந்த எஸ்.என். கோயங்கா 1955-இல் ரங்கூனில் தியான குரு ஊ பா கின்னிடம் போனதும் ஒற்றைத் தலைவலிக்காகத்தான். மார்ஃபின் ஊசி வரை போயிருந்தார். நோய் தீர்க்க மட்டும் என்றால் வர வேண்டாம் என்று குரு முதலில் மறுத்துவிட்டார். அதே கோயங்கா 1969-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த பயிற்சி இது. உங்களுக்குப் பக்கத்திலேயே திருமுடிவாக்கத்தில் மையம் இருக்கிறது. கட்டணம் கிடையாது. ஆனால் விடியற்காலை 4 மணிக்கு மணி அடிப்பார்கள், நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் தியானம், யாரோடும் பேச்சில்லை. தூக்கம் கெட்டால் தலைவலி வரும் ஆள் என்றால், முதலில் வீட்டிலேயே இரண்டு மூன்று மாதம் பழகுங்கள். மனநோய்க்குச் சிகிச்சை எடுத்திருந்தால் அதையும், சாப்பிடும் மாத்திரைகளையும் விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதுங்கள். மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள்.