பிரேக் பெடல் கீழே போகிறதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

"பிரேக் சரியா பிடிக்கல" என்று மட்டும் சொன்னால் எந்த மெக்கானிக்கும் ஊகத்தில்தான் பார்ட் மாற்றுவார். பெடல் மெதுவாக இறங்குகிறதா, பஞ்சாக அமுங்குகிறதா, கல்லாக நிற்கிறதா என்று கவனித்துச் சொல்லுங்கள். மூன்றுக்கும் காரணம் வேறு.

சிக்னலில் பிரேக்கை மிதித்தபடி நிற்கும்போது பெடல் மெல்லத் தரைவரை இறங்குகிறது. எங்கும் ஒழுகல் இல்லை, பிரேக் ஆயில் டப்பாவில் ஆயிலும் குறையவில்லை. புது பேட் போட்டும் அப்படியே இருக்கிறது. ஏன்?

பேடுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெரும்பாலும், பெடலை மிதிக்கும்போது ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் சீல் தேய்ந்திருக்கும். பிஸ்டன் தள்ளும் ஆயில் சீலின் ஓரமாக உள்ளுக்குள்ளேயே பின்னால் கசிந்துவிடுகிறது. அதனால்தான் வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியவில்லை. ஓங்கி மிதித்தால் பிடிக்கும், லேசாக மிதித்து வைத்தால் இறங்கும் என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. அழுத்தம் கூடும்போது சீலின் விளிம்பு விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும், குறைவாக இருந்தால் ஒட்டாது.

இன்ஜினை அணைத்துவிட்டு, மிதியின் பலத்தைக் கூட்டித்தரும் பூஸ்டரில் மிச்சமுள்ள வேக்குவம் (வெற்றிடம்) தீர நாலைந்து முறை மிதியுங்கள். பிறகு ஒரே அழுத்தத்தில் ஒரு நிமிடம் பிடியுங்கள். இறங்கினால் பழுது உறுதி. அப்படியே பிடித்துக்கொண்டு இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது பெடல் சற்றே தாழ்ந்து நின்றுவிட்டால் பயப்பட வேண்டாம், பூஸ்டர் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

சிலிண்டர் வாங்கும் முன் இன்னொரு சோதனை. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து போகும் பைப்புகளைக் கழற்றி, அந்தத் துளைகளைச் சரியான மரையுள்ள பிளக்கால் அடைத்து மிதியுங்கள். அப்போதும் இறங்கினால் குற்றவாளி மாஸ்டர்தான். உயரத்திலேயே கெட்டியாக நின்றால் மாஸ்டர் நல்லது. ஹோஸ், காலிப்பர் (டிஸ்க்கில் பேடை அழுத்துவது), வீல் சிலிண்டர் (டிரம்மில் ஷூவைத் தள்ளுவது), ஏபிஎஸ் யூனிட் பக்கம் தேடுங்கள்.

சிலிண்டரின் உள்சுவரில் துருக்குழி இருந்தால் ரிப்பேர் கிட் போட்டுப் பயனில்லை, புது சீலையும் சில மாதத்தில் கிழித்துவிடும். முழு சிலிண்டரையே மாற்றுங்கள். வண்டியில் பூட்டும் முன் வைஸில் பிடித்து, ஆயில் ஊற்றி, பிஸ்டனை மெதுவாகத் தள்ளி உள்ளேயுள்ள காற்றை எடுத்துவிட வேண்டும். இதைத் தவிர்த்தால் பிறகு எத்தனை முறை பிளீட் செய்தாலும் (சக்கரங்கள் வழியாகக் காற்றை வெளியேற்றினாலும்) பெடல் தேறாது.

ஒழுகலே தெரியாமல் டப்பாவில் ஆயில் குறைந்துகொண்டே போனால், மாஸ்டர் சிலிண்டரின் இரண்டு நட்டைக் கழற்றி அதைச் சற்று முன்னே இழுத்துப் பாருங்கள். பின்பக்கம் நனைந்திருந்தால் ஆயில் பூஸ்டருக்குள் இறங்குகிறது.

முதல் மிதியில் பெடல் பாதிக்கு மேல் போகிறது. இரண்டாவது மிதியில் மேலே வந்துவிடுகிறது. காற்று புகுந்துவிட்டதா?

மேலே வந்த பெடல் கெட்டியாக இருந்தால் காற்று இல்லை, பின்பக்க டிரம்மில் ஷூ தளர்ந்திருக்கிறது. ஹேண்ட் பிரேக்கை முழுதும் இழுத்துவிட்டு மிதித்துப் பாருங்கள். பெடல் உயர்ந்தால் பின் ஷூதான். வீலைத் தூக்கி, அட்ஜஸ்டர் பல்லை டிரம் லேசாக உரசும்வரை திருப்பி, உரசல் நீங்கும் அளவு பின்வாங்குங்கள். ஹேண்ட் பிரேக் கேபிளை இறுக்கி மட்டும் இதைச் சரிக்கட்டக் கூடாது.

மேலே வந்த பிறகும் பஞ்சாக அமுங்கினால் காற்றுதான். மாஸ்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்குங்கள். நம் ஊர் வலதுபக்க ஸ்டீயரிங் கார்களில் பொதுவாகப் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. வண்டியின் கையேடு வேறு வரிசை சொன்னால் அதுவே சரி. ஒருவர் மிதித்துப் பிடிக்க, மற்றவர் சக்கரத்தில் காற்றை வெளியேற்ற உள்ள நிப்பிளைக் கால் சுற்று திறந்து, குமிழி வந்ததும் மூடிய பிறகே பெடலை விட வேண்டும். நிப்பிளில் மாட்டிய டியூபின் முனை பாட்டிலிலுள்ள ஆயிலுக்குள் மூழ்கியிருக்கட்டும். டப்பா ஒருமுறை காலியானால் மீண்டும் முதலிலிருந்து.

பழைய வண்டியில் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்து மிதியுங்கள். வழக்கமாகப் பிஸ்டன் போகாத இடத்தில் படிந்த துரு, தரைவரை மிதித்தால் சீலைக் கிழிக்கும். நல்ல மாஸ்டர் பிளீடிங் அன்றே கெட்டுப்போவது இப்படித்தான்.

காலிப்பரைக் கழற்றி மாட்டிய பிறகு காற்று வரவே மறுக்கிறதா? நிப்பிள் மேல்பக்கம் இருக்கிறதா பாருங்கள். இடது, வலது மாறிப் பூட்டினால் நிப்பிள் கீழே போய்விடும், காற்று மேலேயே தங்கிவிடும்.

கொல்லிமலையிலிருந்து இறங்கும்போது பெடல் திடீரென்று தரைக்குப் போனது. அரைமணி நேரம் நிறுத்திய பிறகு சரியாகிவிட்டது. ஓட்டலாமா?

ஓட்டாதீர்கள். எழுபது கொண்டை ஊசி வளைவிலும் பிரேக்கையே நம்பி இறங்கியதில் ஆயில் கொதித்து ஆவியாகியிருக்கிறது. ஆறியதும் ஆவி திரும்ப ஆயிலாகும், பெடலும் வரும். அடுத்த மலையில் மறுபடியும் போகும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 (DOT 4) தர ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய நிலையில் அந்த வரம்பு 155. டாட் 3-க்கு 205, 140. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுதும் மாற்றுங்கள், ஒரு லிட்டர் போதும். சிலிக்கான் வகையான டாட் 5-ஐ இதில் கலக்கவே கூடாது.

பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்காமல் போனால் சூடேறியது பேட், ஆயில் அல்ல. இரண்டுக்கும் மருந்து இரண்டாவது கியர், தேவைப்பட்டால் முதல் கியர். ஓட்டத்தில் பெடல் போய்விட்டால் பெடலை வேகமாகப் பலமுறை விட்டு விட்டு மிதியுங்கள், கியரை ஒவ்வொன்றாக இறக்குங்கள், ஹேண்ட் பிரேக்கைப் பட்டனை அமுக்கிப் பிடித்தபடி சிறிது சிறிதாக இழுங்கள்.

பெடல் கல்லாக இருக்கிறது, வண்டி நிற்க நெடுந்தூரம் ஆகிறது.

பூஸ்டருக்கு வேக்குவம் வரவில்லை. ஹோஸில் வெடிப்பு, ஒருவழி வால்வு, டீசல் வண்டியானால் வேக்குவம் பம்ப் என்ற வரிசையில் பாருங்கள். முன்சொன்ன சோதனையில், ஸ்டார்ட் செய்தும் பெடல் தாழவில்லை என்றால் இதுதான்.

பிரேக் ஆயில் கிடைக்காமல் கொஞ்சம் இன்ஜின் ஆயில் ஊற்றிவிட்டேன். வெளியே எடுத்துவிட்டால் போதுமா?

போதாது. மினரல் ஆயில் பட்ட ரப்பர் ஊதிவிடும். டப்பா மூடியின் வாஷர் ஊதி நெளிந்திருந்தால் உள்ளேயும் அதே கதைதான். பெடலையே மிதிக்காமல் இருந்திருந்தால், டப்பாவைக் கழற்றிச் சுத்தம் செய்து, அதன் அடி வாஷரையும் மாஸ்டர் கிட்டையும் மாற்றித் தப்பிக்க வாய்ப்புண்டு. மிதித்து ஓட்டியிருந்தால் மாஸ்டர், வீல் சிலிண்டர், காலிப்பர் சீல், ஹோஸ் எல்லாம் மாற்ற வேண்டும். இரும்பு பைப்பைப் புது பிரேக் ஆயிலால் கழுவ வேண்டும். அதுவரை வண்டியை டோ வண்டியில் ஏற்றித்தான் ஒர்க்‌ஷாப் கொண்டுபோக வேண்டும்.