மேடையில் உச்சம் தொடாதவர் நல்ல நடன ஆசிரியராக முடியுமா?

உங்கள் மகளுக்குப் பாலே சொல்லித்தருபவர் எந்தப் பெரிய குழுவிலும் நாயகி வேடத்தில் ஆடியதில்லை, அவரிடமே தொடரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு காரணத்துக்காக மாற்ற வேண்டாம் என்பதுதான் என் பதில். இன்று உலகம் முழுக்கச் சொல்லித்தரப்படும் ரஷ்யப் பாலே முறையை வகுத்த அக்ரிப்பினா வகானோவாவே மேடையில் பாதி வழியில் நின்றுபோனவர்தான்.

நம் ஊரில் இந்தச் சந்தேகம் வந்திருக்கவே வராது. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை சலங்கை கட்டி மேடை ஏறியா ருக்மிணி தேவிக்குச் சொல்லிக்கொடுத்தார்? நட்டுவனார் வேறு, ஆடுபவர் வேறு என்பது நமக்குப் பழகிய விஷயம். பாலேயில் ஆடி ஓய்ந்தவர்தான் பெரும்பாலும் ஆசிரியர். அதனால் ‘அவர் என்ன ஆடினார்?’ என்பதே முதல் கேள்வியாகிவிடுகிறது.

வகானோவா 1879இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தார். அப்பா மரின்ஸ்கி அரங்கில் பார்வையாளர்களை இருக்கைக்கு அழைத்துப்போகும் ஊழியர். மகள் ஏகாதிபத்திய பாலே பள்ளியில் படித்து, 1897இல் அதே அரங்கில் ஆட வந்தார். கால் பலமானது, குதித்தால் காற்றில் நிற்பார். ஆனால் குள்ளமான, கனத்த உடல்வாகு. கைகளில் நளினம் போதாது. அந்தக் கால ரசனைப்படி அழகி என்றும் யாரும் சொல்லவில்லை. அரங்கையே ஆண்ட நடன அமைப்பாளர் பெத்திப்பா தன் நாட்குறிப்பில் இவர் ஆட்டத்தைப் படுமோசம் என்றே குறித்துவைத்தார். அதே மேடையில் பாவ்லோவா, கர்சாவினா, க்ஷெசின்ஸ்கா என்ற பெரும் நட்சத்திரங்கள் இருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் இவருக்கு என்ன கிடைக்கும்? நீண்ட பாலேயின் நடுவே வரும் சின்னத் தனி ஆட்டங்கள். ‘வேரியேஷன்’ என்பார்கள், ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும். அதில் இவரை அடிக்க ஆளில்லை. ‘வேரியேஷன்களின் ராணி’ என்று பெயர் வந்தது. பாராட்டுதான், ஆனால் அதற்குள்ளேயே ஒரு குத்தலும் இருக்கிறது.

நாயகி தகுதியான ‘பாலரினா’ பட்டம் கிடைத்தது 1915இல். அடுத்த ஆண்டே ஓய்வு. அப்போது வயது முப்பத்தாறுதான்.

எனக்கு இந்தக் கதையில் பிடித்த பகுதி பட்டமும் ஓய்வும் அல்ல, இடையில் அவர் செய்த வேலை. பள்ளியை முடித்த பிறகுதான் தனக்கு என்ன குறை என்று தேடத் தொடங்கினார். இத்தாலிய ஆசிரியர் செக்கெட்டியிடம் பயின்றவர்கள் சுழற்சியில் தடுமாறாமல் நிற்பதைக் கவனித்தார். செக்கெட்டியின் மாணவி ஓல்கா பிரியோபிரஜென்ஸ்காவிடம் போய், தானும் தொழில்முறை ஆட்டக்காரியாக இருந்தபோதே, மீண்டும் பாடம் கேட்டார். பழைய பிரெஞ்சு வழியில் மென்மை உண்டு, உடம்பில் பிடிமானம் குறைவு. இத்தாலிய வழியில் வலுவும் சுழற்சியும் உண்டு, கைகள் விறைப்பு. இரண்டையும் தன் உடம்பிலேயே வைத்துச் சோதித்து, எது ஏன் வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்த்தார். பிறவியிலேயே எல்லாம் அமைந்தவருக்கு இந்த ஆராய்ச்சி தேவைப்படாது. ருக்மிணி தேவியை நடனத்தின் பக்கம் திருப்பியவர் என்று நமக்குத் தெரிந்த பாவ்லோவா எத்தனையோ பேருக்கு ஆட ஆசை கொடுத்தார். ஆனால் ஒரு பாடமுறையை விட்டுப்போகவில்லை.

1917 புரட்சி வந்தது. அந்த ஆண்டு இறுதியில் துணைவர் தற்கொலை செய்துகொண்டார். கையில் ஒரு மகன். ஓய்வுபெற்ற பாலரினா பிழைப்புக்காகக் கேளிக்கை அரங்குகளில் ஆடினார். பிறகு வொலின்ஸ்கி என்ற விமர்சகர் நடத்திய பள்ளியில் வகுப்பு, அங்கிருந்து 1921இல் தான் படித்த பழைய பள்ளிக்கே ஆசிரியை. பாலே என்றால் ஜார் காலத்து மிச்சம், தொழிலாளர் நாட்டுக்கு எதற்கு என்று கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. அதற்கு அவர் மாணவிகளே பதிலானார்கள். 1925இல் மரினா செம்யோனோவா, 1928இல் கலினா உலனோவா, 1931இல் நத்தாலியா துதின்ஸ்கயா எனத் தேர்ச்சி பெற்று வந்தபோது வாதம் செய்தவர்கள் தணிந்தார்கள். ஒருவர் ஆட்டம் இன்னொருவர் ஆட்டத்தைப் போல இல்லை என்பதையும் கவனியுங்கள். செம்யோனோவா கம்பீரம், உலனோவா அமைதி. முறை ஒன்றுதான், அச்சு வார்த்த மாதிரி வெளியே வரவில்லை.

1934இல் அவர் எழுதிய பாடநூல் வந்தது. அதில் கால் திருப்பத்தை விளக்கும் இடத்தைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது. சாதாரணமாக நின்று காலைப் பக்கவாட்டில் தூக்கினால், தொடை எலும்பின் மேல்பகுதி இடுப்புக் குழியின் விளிம்பில் முட்டும். அதற்கு மேல் போகாது. தொடையை இடுப்பிலிருந்தே வெளிப்பக்கம் திருப்பினால் அந்த முட்டல் விலகி, கால் உயரும். அவ்வளவுதான் விஷயம். சின்ன வயதில் நான் பரதம் கற்றபோது அரைமண்டிக்கு முட்டியைத் திருப்பு, பாதத்தைத் திருப்பு என்று தட்டுக்கழி ஓசையோடு திட்டு விழுமே தவிர, திருப்ப வேண்டியது தொடையை என்று ஒருவரும் சொன்னதில்லை. பாதத்தை மட்டும் வலுக்கட்டாயமாகத் திருப்பினால் அடி வாங்குவது முட்டி.

வகானோவாவின் வகுப்பில் இன்னொரு வழக்கம் இருந்தது. ஓர் அசைவு சரியாக வராவிட்டால் ஏன் வரவில்லை என்று மாணவியே காரணம் சொல்ல வேண்டும். கையை அலங்காரமாக நினைக்கக் கூடாது, குதிக்கவும் சுழலவும் உடம்பைத் தூக்கிக் கொடுப்பதே கைதான் என்பார். முதுகின் கீழ்ப்பகுதி உறுதியாக இருந்தால்தான் மற்றதெல்லாம். தன் கைகளுக்காகக் குறை கேட்டவர் கைகளைப் பற்றி இவ்வளவு யோசித்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

1931 முதல் 1937 வரை பழைய மரின்ஸ்கியின் பாலே பிரிவுக்குத் தலைமை தாங்கினார். அப்போது ‘எஸ்மரால்டா’வுக்காக அவர் அமைத்த டயானா–ஆக்டியன் இருவர் ஆட்டத்தை இன்றைக்கும் பாலே போட்டிகளில் பார்க்கலாம். 1951இல் இறக்கும் ஆண்டு வரை கற்பித்தார். கடைசி மாணவிகளில் ஒருவர் இரினா கொல்பகோவா. 1957இல் பள்ளிக்கே அவர் பெயர் வைத்தார்கள்.

ஆக, ஆசிரியர் என்ன வேடம் ஆடினார் என்பதை விட்டுவிடுங்கள். அனுமதி கேட்டு ஒரு வகுப்பை உட்கார்ந்து பாருங்கள். தவறைச் சுட்டும்போது ‘மறுபடி செய்’ என்று மட்டும் சொல்கிறாரா, காரணத்தையும் சொல்கிறாரா? குழந்தையின் பாதத்தைக் கையால் பிடித்துத் திருப்புகிறாரா, இடுப்பிலிருந்து திருப்பச் சொல்கிறாரா? நுனிவிரலில் நின்று ஆடப் போடும் பாயிண்ட் ஷூ எப்போது என்றும் கேளுங்கள். சில ஆண்டு அடிப்படைப் பயிற்சி முடிந்து, பதினொன்று பன்னிரண்டு வயதை ஒட்டி, கணுக்காலும் முதுகும் தயாரா என்று பார்த்துத்தான் என்பார் நல்ல ஆசிரியர். ஏழு வயதிலேயே நுனிவிரலில் நிற்கவைக்கிறேன் என்று ஆசை காட்டினால், அவர் எந்த அரங்கில் எந்த நாயகியாக ஆடியிருந்தாலும் சரி, மகளை அழைத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.