தகனம் செய்தாயிற்று, சாம்பலை என்ன செய்வது?

கேள்வி: அப்பா போன மாதம் இறந்தார். "என்னைப் புதைக்க வேண்டாம், எரித்துவிடுங்கள்" என்று முன்பே சொல்லியிருந்தார். எங்கள் கல்லறைத் தோட்டத்திலும் புதிதாக இடம் தருவதில்லை. தாத்தாவின் கல்லறை மட்டும் இருக்கிறது. அடக்கத் திருப்பலி முடிந்ததும் மின்மயானத்தில் தகனம் செய்தோம். சாம்பல் இப்போது வீட்டில், மாதா படத்துக்குக் கீழே இருக்கிறது. அம்மா இந்துக் குடும்பத்தில் பிறந்தவர். மாமா கடலில் கரைக்கச் சொல்கிறார். குவைத்தில் இருக்கும் தங்கை தனக்குக் கொஞ்சம் வேண்டும் என்கிறாள். பாட்டியோ எரித்ததே பாவம் என்று அழுகிறார். என்ன செய்யலாம்?

பதில்: பாட்டியிடமிருந்து தொடங்குவோம். அவர் சொல்வதில் ஒரு காலத்து உண்மை இருக்கிறது. 1917-ஆம் ஆண்டுக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் தகனத்தைத் தடை செய்திருந்தது. இறந்தோர் உயிர்த்தெழுவர் என்ற நம்பிக்கையை மறுப்பதற்காகவே பிணத்தை எரித்தவர்கள் அன்று ஐரோப்பாவில் இருந்தார்கள். 1963-இல் வத்திக்கான் அந்தத் தடையைத் தளர்த்தியது. 1983-ஆம் ஆண்டுச் சட்டமும் (எண் 1176) அடக்கம் செய்வதையே பரிந்துரைக்கிறது. ஆனால் கிறிஸ்தவப் போதனைக்கு எதிரான காரணத்துக்காகத் தேர்ந்தெடுத்தால் ஒழிய, தகனத்தைத் தடுப்பதில்லை. விசுவாசத்துக்காகத் தீயில் எரிக்கப்பட்ட வேதசாட்சிகளைக் கடவுள் உயிர்ப்பிக்க மாட்டார் என்று பாட்டியே நம்ப மாட்டார், கேட்டுப் பாருங்கள்.

சிக்கல் சாம்பலில்தான். 2016-இல் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட அறிவுரை இதில் தெளிவாக இருக்கிறது: சாம்பலைக் கல்லறைத் தோட்டம், கோவில் போன்ற புனித இடத்தில் வைக்க வேண்டும். காற்றிலோ நிலத்திலோ நீரிலோ தூவக் கூடாது, குடும்பத்தார் பங்கிட்டுக்கொள்ளக் கூடாது, சங்கிலிப் பதக்கத்தில் அடைத்துப் போட்டுக்கொள்ளவும் கூடாது. வீட்டில் வைப்பதற்கும் பொதுவாக அனுமதி இல்லை. மாதா படத்தடி என்றாலும் வீடு வீடுதான். நாளை வீடு கைமாறும், பேரப்பிள்ளைகள் காலத்தில் அது யாருடைய கலசம் என்றே தெரியாமல் போகும்.

இறந்தவருக்கென்று ஓர் இடமும் பெயரும் இருக்க வேண்டும், பங்கு மக்கள் அங்கே நின்று செபிக்க வேண்டும் என்பதே இதன் அடிப்படை. நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று பூவும் மெழுகுவத்தியுமாக எங்கே போவீர்கள் என்று யோசித்தால் இது தானே புரியும். மாமாவிடம் "கரைப்பது பாவம்" என்று ஆரம்பிக்காதீர்கள். அவருக்கு அது மரியாதை. "எங்களுக்கு அப்பாவைப் போய்ப் பார்க்க ஓர் இடம் வேண்டும் மாமா" என்று சொல்லி, கலசத்தை வைக்கும் நாளில் அவரையும் முன்னால் நிறுத்துங்கள்.

தங்கை விஷயத்தில் சிறிய வழி ஒன்று உண்டு. 2023 டிசம்பரில் வத்திக்கானிலிருந்து வந்த விளக்கத்தின்படி, சாம்பல் புனித இடத்தில் இருக்கும் நிலையில், மிகச் சிறு பகுதியை மட்டும் இறந்தவரின் வாழ்வோடு தொடர்புள்ள இடத்தில் வைக்கக் குடும்பம் கேட்டால், திருச்சபை அதிகாரி பரிசீலிக்கலாம். அப்பா வாழ்ந்தே இராத குவைத் அதற்குப் பொருந்துமா என்பது எனக்குச் சந்தேகம்தான். அப்பாவின் செபமாலையைத் தங்கைக்குக் கொடுங்கள்.

இனி செய்ய வேண்டியது. மயானத்தில் தந்த ரசீதோடு பங்குத்தந்தையைப் பார்த்து, தாத்தாவின் கல்லறையிலேயே கலசத்தை வைக்க அனுமதி கேளுங்கள். முழு உடலுக்கு வேண்டிய குழி இதற்குத் தேவையில்லை என்பதால், இடமில்லாத கல்லறைத் தோட்டங்களிலும் இது பெரும்பாலும் நடக்கக்கூடியதே. மறுத்தால், கலசம் வைக்கச் சுவர் மாடங்கள் கட்டியிருக்கும் கல்லறைத் தோட்டம் அருகில் உண்டா என்று விசாரியுங்கள். முப்பதாம் நாள் திருப்பலி இன்னும் முடியவில்லை என்றால் அன்றைக்கே குருவானவர் கலசத்தை மந்திரித்து (ஆசீர்வதித்து) வைத்துவிடலாம். தாத்தா பெயருக்குக் கீழே அப்பாவின் பெயரையும் தேதிகளையும் கல்லில் வெட்டுகிற ஆளிடம் இப்போதே சொல்லிவையுங்கள். அக்டோபர் பிறந்துவிட்டால், கல்லறைத் திருநாள் வேலை நெருக்கத்தில் அவரைப் பிடிக்க முடியாது.