ஆறு வாரக் கர்ப்பத்தில் கருவின் இதயத் துடிப்பு தெரியவில்லை என்றால்

பாலக்கோட்டில் வயிற்றின் மேல் வைத்து எடுத்த ஸ்கேனில் கரு வளரும் நீர்ப்பை மட்டும்தான் தெரிந்தது, துடிப்பு இல்லை, இப்போது தர்மபுரியில் உள்ளே வைத்து எடுக்கும் ஸ்கேன் எழுதியிருக்கிறார்கள், கருவுக்கு ஆகாதா என்று கேட்டிருந்தீர்கள். ஒன்றும் ஆகாது தங்கச்சி. விரல் தடிமன் கருவிக்கு உறை மாட்டி ஜெல் தடவிப் பிறப்புறுப்புக்குள் கொஞ்ச தூரம்தான் வைப்பார்கள், கர்ப்பப்பைக்குள் அது போகவே போகாது. கிட்டே இருந்து பார்ப்பதால் ஆறு வாரத்தில் அதுதான் தெளிவு. பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்துவிட்டு பஸ்ஸில் நெளிந்துகொண்டு வரவும் வேண்டாம், இதற்குச் சிறுநீர் கழித்துவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

மாதவிலக்கு தள்ளித் தள்ளி வருகிறவர்களுக்கு நாள் கணக்கு ஒரு வாரம் பிசகுவது சகஜம், அதனாலும் துடிப்பு இன்னும் தெரியாமல் இருக்கலாம், எனக்கும் அப்படித்தான் ஆனது. கரு 7 மில்லிமீட்டரைத் தொட்டும் துடிப்பு இல்லை என்றால் கவலைப்பட வேண்டியதுதான், அப்போதும் பெரும்பாலும் ஒரு வாரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். அதற்குள் யார் பேச்சையாவது கேட்டுக் கலைப்பு மாத்திரை போட்டுவிடாதீர்கள்.

அப்புறம், அந்த நீர்ப்பை கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறதா என்று ரிப்போர்ட்டில் பாருங்கள், வெளியே தங்கியிருந்தால் ஆபத்து. அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலியோ, மயக்கமோ, ரத்தப்போக்கோ வந்தால் ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காமல் ராத்திரியானாலும் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.