மணிக்கட்டு வலிக்கு இரட்டையர் ஆட்டம் மருந்தாகுமா?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. ஆறு வருடமாக டென்னிஸ் ஆடுகிறாள். நான்கு மாதமாக ஃபோர்ஹேண்ட் அடிக்கும்போது வலது மணிக்கட்டில், சுண்டுவிரல் பக்கம் வலிக்கிறது என்கிறாள். "சானியா மிர்சா மாதிரி இரட்டையருக்கு மாறிவிடட்டும், உடம்புக்குப் பளு குறையும்" என்கிறார் கோச். மாற்றலாமா?
– ஒரு வாசகி, திருப்பூர்

அன்புச் சகோதரிக்கு,

இப்போது மாற்ற வேண்டாம். இரட்டையரில் ஓட்டம் குறையும். எண்ணிக்கை குறைந்தாலும் சர்வீஸும் ரிட்டர்னும் இருக்கத்தான் செய்யும். வலையருகே திடீரென வரும் வேகப் பந்தைத் தடுக்கும்போது மணிக்கட்டு வாங்கும் அடியும் சாதாரணமானதல்ல.

சானியாவின் பாதையை முழுதாகப் பாருங்கள். 2005-இல் ஹைதராபாத்தில் டபிள்யூ.டி.ஏ. (பெண்கள் தொழில்முறை டென்னிஸ் சங்கம்) ஒற்றையர் பட்டம் வென்றார். அதே ஆண்டு அமெரிக்க ஓப்பனில் நான்காம் சுற்று வரை போனார். 2007 ஆகஸ்டில் ஒற்றையர் தரவரிசையில் 27-ஆம் இடம். 2008-இல் வலது மணிக்கட்டில் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் ஒற்றையர் ஆடி, 2013-இல்தான் விலகினார். அப்போது வயது 26. 14 அல்ல.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. அவர் இரட்டையரைப் புதிதாகத் தொடங்கவில்லை. 2003-இல் விம்பிள்டன் சிறுமியர் இரட்டையர் பட்டம், 2004-இல் ஹைதராபாத்தில் லீசல் ஹ்யூபருடன் சேர்ந்து இரட்டையர் பட்டம் என்று முதலிலிருந்தே இரண்டையும் சேர்த்தே ஆடிவந்தார். 2015 ஏப்ரலில் இரட்டையரில் உலக முதலிடம் வந்ததும், சுவிஸ் வீராங்கனை மார்ட்டினா ஹிங்கிஸுடன் தொடர்ந்து 41 ஆட்டங்கள் வென்றதும் அந்த அடித்தளத்தின் மேல்தான். ஹிங்கிஸ் வலையருகே பந்தை முடித்துவைக்க, பின்கோட்டிலிருந்து இடத்தைத் திறந்துகொடுத்தது சானியாவின் ஃபோர்ஹேண்ட். அந்த அடி ஒற்றையரில் உருவானது.

தரவரிசைக் கணக்கும் உங்கள் மகளுக்குச் சாதகமாக இல்லை. ஐ.டி.எஃப். (சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு) ஜூனியர் தரவரிசையில் சிறந்த ஆறு ஒற்றையர் முடிவுகளின் புள்ளிகள் முழுதாகச் சேரும். சிறந்த ஆறு இரட்டையர் முடிவுகளில் கால் பங்குதான் சேரும். இரட்டையர் மட்டும் ஆடுகிற பெண் பட்டம் பட்டமாக வென்றாலும் பட்டியலில் பின்னால்தான் நிற்பாள். வலி தீர்ந்ததும் ஒவ்வொரு போட்டியிலும் இரண்டிலும் பெயர் கொடுங்கள்.

இனி மணிக்கட்டு. நான்கு மாத வலியை 'தசைப்பிடிப்பு' என்று விட்டுவிடக் கூடாது. விளையாட்டுக் காயங்களோ கை அறுவை சிகிச்சையோ பார்க்கும் எலும்பு மருத்துவரிடம் இந்த வாரமே காட்டுங்கள். இந்த வயதில் எலும்பின் வளர்ச்சிப் பகுதி இன்னும் மூடியிருக்காது. அங்கே அடிபட்டிருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. சுண்டுவிரல் பக்கத்துத் தசைநாணோ அங்குள்ள குருத்தெலும்போ பாதிக்கப்பட்டிருந்தால் எக்ஸ்ரேயில் தெரியாது, எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஆடவே கூடாது.

காரணத்தையும் தேடுங்கள். உள்ளங்கை கைப்பிடியின் அடிப்பக்கத்துக்குப் போகும் வெஸ்டர்ன் பிடியில் ஆடுபவர்களுக்கு வலி பெரும்பாலும் சுண்டுவிரல் பக்கம் வருகிறது. அந்தப் பிடியோடு பந்தைத் தாமதமாக, இடுப்புக்குப் பின்னால் சந்தித்தால் தோளும் இடுப்பும் தர வேண்டிய வேகத்தை மணிக்கட்டு மட்டும் தர வேண்டியிருக்கும். பக்கவாட்டிலிருந்து கைபேசியில் ஸ்லோ மோஷனில் எடுத்துப் பாருங்கள்: பந்து படும் இடம் முன்காலுக்கு முன்னால் இருக்க வேண்டும். இல்லையென்றால் பிடியைச் சற்றே செமி வெஸ்டர்ன் (உள்ளங்கை அவ்வளவு அடியில் போகாத பிடி) பக்கம் திருப்பக் கோச்சிடம் சொல்லுங்கள்.

மட்டையில் என்ன ஸ்ட்ரிங் என்று பாருங்கள். விறைப்பான பாலியெஸ்டரை 55 பவுண்டில் இழுத்துக் கட்டியிருந்தால் அதிர்வு நேரே கைக்கு வரும். பல மெல்லிய இழைகளால் ஆன, மென்மையான மல்ட்டிஃபிலமென்ட் ஸ்ட்ரிங்கை 48 முதல் 50 பவுண்டில் கட்டச் சொல்லுங்கள். கைப்பிடியைப் பிடித்தால் விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவே மறு கையின் ஆள்காட்டி விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் பிடி மெல்லியது; அதை இறுக்கிப் பிடித்தே முன்கை களைத்துவிடும். ஒரு ஓவர்கிரிப் (கைப்பிடி மேல் சுற்றும் மெல்லிய பட்டை) கூடுதலாகச் சுற்றினால் சரியாகலாம்.

மருத்துவர் ஆடலாம் என்றதும் ஒரேயடியாகப் பழைய பயிற்சிக்குப் போகாதீர்கள். முதல் வாரம் சர்வீஸ் கோட்டுக்குள் நின்று, பச்சைப் புள்ளிப் பந்தில், ஒருநாள் விட்டு ஒருநாள் 15 நிமிடம் போதும். அந்தப் பந்து வழக்கமான பந்தைவிடச் சுமார் 25 சதவீதம் மெதுவானது. மறுநாள் காலை வலி இல்லையென்றால் மட்டும் ஐந்து நிமிடம் கூட்டுங்கள். இருந்தால் முந்தின அளவுக்கே திரும்புங்கள். முழு கோர்ட், வழக்கமான பந்து, சர்வீஸ், கடைசியாக ஆட்டம் என்று இதே வரிசையில் ஏறட்டும். இடது மணிக்கட்டையும் கேட்டுப் பாருங்கள். இரண்டு கை பேக்ஹேண்டில் அந்தக் கைக்கும் இதே பக்கம் வலி வருவதுண்டு, குழந்தைகள் அதைச் சொல்லாமலே ஆடிவிடுவார்கள்.