தையல் கேள்வி-பதில்: காசுக்கேற்ற காட்டன் துணி

கேள்வி: சுத்தக் காட்டன் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். தைத்துப் போட்டால் வியர்வையில் முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. வாங்கும்போதே கண்டுபிடிக்க வழி உண்டா?
(வாசகி, பாலக்கோடு)

பதில்: உண்டு. துணியின் வெட்டு ஓரத்திலிருந்து நீளவாக்கில் ஓடும் பாவு நூலில் இரண்டும், குறுக்கே ஓடும் ஊடை நூலில் இரண்டும் உருவிக்கொள்ளுங்கள். இரண்டையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். பாவில் காட்டன், ஊடையில் பாலியெஸ்டர் என்று நெய்த துணியும் உண்டு. ஒரு பக்கத்து நூலை மட்டும் பார்த்தால் அது தெரியாது.

நூலைக் கொளுத்துங்கள். காட்டன் சட்டென்று பற்றி எரியும், காகிதம் எரிந்த வாடை வரும், சாம்பலை விரலால் தேய்த்தால் மாவாகப் போய்விடும். பாலியெஸ்டர் தீயைக் கண்டதும் சுருண்டு உருகும். ஆறியதும் நுனியில் கறுப்பாக, கடினமாக ஒரு மணி நிற்கும். இரண்டும் கலந்த மிக்ஸிங் நூல் நன்றாகவே எரியும், ஆனால் சாம்பலில் நறநறவென்று துகள் தட்டுப்படும். இதைக் கடைக்குள் செய்ய விடமாட்டார்கள், துணி அடுக்கிய இடத்தில் தீப்பெட்டி எடுக்கவும் கூடாது. நூலை வெளியே கொண்டுவந்து பாருங்கள்.

இந்தச் சோதனையில் தப்பிவிடுவது ரேயான். மரக்கூழிலிருந்து செய்வது என்பதால் அதுவும் காகிதம் போலவே எரியும். அதற்கு வேறு வழி: ஒரு நூலின் நடுப்பகுதியை மட்டும் ஈரமாக்கி, இரண்டு முனையையும் பிடித்து இழுங்கள். ரேயான் நனைந்த இடத்திலேயே அறுந்துவிடும், ஈரத்தில் அதன் பலம் பாதி அளவுக்குக் குறைந்துவிடுவதே காரணம். காட்டனுக்கு ஈரத்தில் பலம் கூடும், அதனால் காய்ந்த இடத்தில்தான் அறும். ரேயான் உடுத்த மோசமில்லை. காட்டன் விலை கொடுத்து அதை வாங்குவதுதான் நஷ்டம்.

அடுத்தது கஞ்சி. நெய்த துணி தளர்வாக இருந்தால் கனமாகக் கஞ்சி ஏற்றி விறைப்பாக்கி விற்பார்கள். ஒரு மூலையை இரண்டு கைக்குள் வைத்து நன்றாகக் கசக்குங்கள். வெள்ளைத் தூள் உதிர்ந்தாலோ, கசக்கிய இடம் மட்டும் தொளதொளவென்று ஆகிவிட்டாலோ, முதல் சலவையிலேயே அது கொசுவலை மாதிரி ஆகிவிடும். வெளிச்சத்தில் பிடித்தும் பாருங்கள், நூல் இடைவெளி சீராக இருக்க வேண்டும்.

துணிக் கடைகள் நிறைந்த நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பர்கூருக்குக் ‘குட்டி சூரத்’ என்று பெயர் இருப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். சூரத் பாலியெஸ்டர் துணிக்குப் பேர்போன ஊர். சூரத்திலிருந்து வரும் மலிவான சரக்கைப் பாலியெஸ்டர் என்றே நினைத்துக்கொண்டு சோதியுங்கள். மொத்தமாக வாங்கினால் பில்லில் ‘100 சதவீதம் காட்டன்’ என்று எழுதித் தரக் கேளுங்கள்.

கேள்வி: 36, 44, 58 பன்னா (அங்குல அகலம்) என்று மூன்று அகலத்தில் துணி இருக்கிறது. மீட்டர் விலை குறைந்ததை வாங்கினால் போதாதா?
(வாசகி, ஊத்தங்கரை)

பதில்: போதாது. மீட்டர் விலையை வைத்து மட்டும் முடிவு செய்தால் கணக்கு தப்பும். ஒரு குர்தியைக் கொண்டே பார்ப்போம்: உயரம் 40 அங்குலம், மார்பு 36, முக்கால் கை. மடிப்புக்கும் தோள் தையலுக்கும் சேர்த்து முன்பாகம் 43 அங்குல நீளம், அடியில் 24 அங்குல அகலம். பின்பாகமும் அதே அளவு. ஒரு கை 17 நீளம், 15 அகலம்.

44 பன்னாவில் 24 போக 20 அங்குலம் மிஞ்சும். இரண்டு கையும் அந்தப் பட்டையிலேயே வந்துவிடும். ஆக 43ஐ இரண்டால் பெருக்கி 86 அங்குலம், சுருங்குவதற்கு 4 சதவீதம் சேர்த்தால் 2.3 மீட்டர். 36 பன்னாவில் மிஞ்சுவது 12 அங்குலம்தான், கைக்குத் தனியாக இன்னொரு 17 அங்குலம் வேண்டும். அது 2.75 மீட்டர் ஆகும். 58 பன்னாவில் முன்னும் பின்னும் பக்கத்தில் பக்கமாக உட்கார்ந்துவிடும், அதற்குக் கீழே இரண்டு கை. 1.6 மீட்டர் போதும்.

44 பன்னா மீட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அதே தரத்தில் 58 பன்னாவுக்கு 143 ரூபாய் வரை கொடுத்தாலும் நஷ்டமில்லை. 36 பன்னா 83 ரூபாய்க்கு மேல் போனால் வாங்க வேண்டாம்.

மார்பு 42க்கு மேல் போனால் 58 பன்னாவிலும் பக்கத்தில் பக்கம் வைக்க இடம் நெருக்கும், அப்போது வெட்டுவதற்கு முன் காகிதத்தில் வைத்துப் பாருங்கள். கட்டம், கோடு போட்ட துணிக்கு ஒரு கட்டத்தின் அளவு கூடுதலாக எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கத் தையலில் கோடு சேராது. 44 என்று சொல்லும் துணி கரை ஓரம் போக 42தான் இருப்பதும் உண்டு. டேப்பைக் கையோடு கொண்டுபோங்கள்.

கேள்வி: தையல் கற்றுக்கொள்கிறேன். எந்தத் துணியில் ஆரம்பிப்பது?
(வாசகி, அரூர்)

பதில்: வெட்டிப் பழக காடா. வெளுக்காத துணி, விலையும் குறைவு. ஆனால் நிறையச் சுருங்கும், அதில் உடுப்பு தைக்காதீர்கள். அடுத்து கேம்பிரிக்: 60 நம்பர் நூலில், அங்குலத்துக்கு 92 பாவு, 88 ஊடை என்ற நெசவு பரவலாகக் கிடைக்கும். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். குர்தி, குழந்தைகள் கவுன், லைனிங் எல்லாவற்றுக்கும் இது சரி. பாவாடைக்கும் பேன்டுக்கும் 40 நம்பர் பாப்ளின். வாயில் (voile), மல்மல் போன்ற மெல்லிய துணிகள் கையில் வழுக்கும், ஆறு மாதம் தைத்த பிறகு தொடலாம். ஊசியையும் பாருங்கள்: கேம்பிரிக்குக்கு 11, பாப்ளினுக்கு 14. வாயிலில் 16 நம்பர் ஊசி ஓட்டினால் தையல் நெடுக ஓட்டை தெரியும்.

கேள்வி: டூ பை டூ (இரட்டை முறுக்கு நூலில் நெய்த பிளவுஸ் துணி) துணியில் லைனிங் வைத்துத் தைத்துக் கொடுத்த பிளவுஸ், ஒரே சலவையில் சுருக்கம் சுருக்கமாக ஆகிவிட்டது என்று திருப்பிக் கொண்டுவருகிறார்கள். தையலில் குறையா?
(டெய்லர், கிருஷ்ணகிரி)

பதில்: தையலில் குறை இருக்காது, லைனிங்கை நனைக்காமல் வெட்டியிருப்பீர்கள். மேல்துணி குறைவாகவும் உள்துணி அதிகமாகவும் சுருங்கினால், மேலே இருப்பது மிஞ்சிப்போய்ச் சுருக்கம் விழும். லைனிங் கட்டு வந்ததும் அதில் 25 சென்டிமீட்டர் சதுரம் குறித்து, அரை மணி நேரம் ஊறவைத்து, கசக்கிக் காயவைத்து, இஸ்திரி போட்டு அளந்து பாருங்கள். 24 வந்தால் 4 சதவீதம். 15 அங்குல உயரப் பிளவுஸில் அது அரை அங்குலத்துக்கும் மேல். நீளவாக்கில் ஓர் அளவும் குறுக்கே வேறு அளவும் சுருங்கும், இரண்டையும் அளக்க வேண்டும்.

லைனிங்கை ஒரு மணி நேரம் வெறும் தண்ணீரில் ஊறவைத்து, முறுக்காமல் நிழலில் உலர்த்தி, லேசான ஈரம் இருக்கும்போதே நூல் ஓடும் திசையில் இஸ்திரி போடுங்கள். இழுத்துப் போட்டால் திரும்பவும் நீண்டு, அடுத்த சலவையில் அதே கதைதான். டூ பை டூவையும் அதே தண்ணீரில் நனைக்கலாம், அடர் நிறம் என்றால் தனித்தனியாக. பட்டுப் பிளவுஸுக்கு மேல்துணியை நனைக்க வேண்டாம், லைனிங்கை மட்டும் நனையுங்கள்.

கேள்வி: கிலோ கணக்கில் விற்கும் கட் பீஸ் லாபமா?
(வாசகி, காரிமங்கலம்)

பதில்: எந்தத் துணி என்பதைப் பொறுத்தது. 44 பன்னாவில் மேலே சொன்ன கேம்பிரிக் கிலோவுக்கு ஏறக்குறைய 12 மீட்டர் நிற்கும், நெருக்கமாக நெய்த பாப்ளின் ஏழரை மீட்டர்தான். கிலோ 500 ரூபாய் என்றால் கேம்பிரிக் மீட்டர் 42 ரூபாய்க்கும் பாப்ளின் 67 ரூபாய்க்கும் விழும். கஞ்சி ஏற்றிய துணியில் கஞ்சிக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள். ஒவ்வொரு துண்டையும் முழுதாக விரித்து, நூல் விட்டுப்போன கோடு, எண்ணெய்க் கறை, அச்சு நகர்ந்த இடம் எல்லாம் பாருங்கள். ஒரு மீட்டருக்குக் குறைந்த துண்டுகள் சின்னக் குழந்தை உடுப்புக்கும் கை, பட்டி வெட்டவும்தான் ஆகும்.

கேள்வி: சாயம் போகாமலிருக்க உப்புத் தண்ணீரில் ஊறவைக்கலாமா?
(வாசகி, பென்னாகரம்)

பதில்: பயனில்லை. சாயப் பட்டறையில் சாயம் நூலுக்குள் இறங்க உப்பு உதவும், ஏற்றி முடித்த துணியில் அதற்கு வேலை கிடையாது. வாங்கும்போதே வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துப் பத்து முறை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். மெரூன், நேவி புளூ, கறுப்பு மூன்றுக்கும் இது கட்டாயம். லேசாக ஒட்டினால் அது மேலே தங்கிய சாயம், பச்சைத் தண்ணீரில் மூன்று நான்கு முறை அலசினால் தெளியும். அதற்குப் பிறகும் நிறம் இறங்கினால் கடைசி வரை இறங்கும். நம் பக்கத்து போர் தண்ணீர் கடினமாக இருந்தால் சோப்புக் கட்டி வெள்ளையாகத் திரைந்து துணியில் படிந்து நிறத்தை மங்கலாக்கும். டிடர்ஜென்ட் பவுடர் அந்த அளவுக்குப் படியாது.

கேள்வி: ஈரோடு சந்தைக்குப் போய் வாங்கினால் மிச்சமாகுமா?
(வாசகி, தருமபுரி)

பதில்: பத்துப் பதினைந்து உடுப்புக்குச் சேர்த்து வாங்குவதானால் போகலாம். திங்கள் இரவு தொடங்கி செவ்வாய் வரை வாரச்சந்தை நடக்கும். இரண்டு குர்திக்காகப் போனால் பஸ் கட்டணத்திலேயே மிச்சம் கரைந்துவிடும்.

அதற்குப் பதிலாக, தீபாவளித் தள்ளுபடியில் கோ-ஆப்டெக்ஸ் காட்டன் சேலை ஒன்று வாங்கி வெட்டுங்கள். நீளம் 5.5 மீட்டர், அகலம் 47 அங்குலம் அளவில் இருக்கும். குறுக்கே வைத்து வெட்டினால் குர்தியின் உயரத்துக்கு 43 அங்குலம் கிடைத்துவிடும், கரை அப்படியே அடியில் வந்து நிற்கும். முன்னுக்கும் பின்னுக்கும் 48, இரண்டு கைக்கு 30, ஆக ஒரு குர்திக்கு 78 அங்குலம். ஒரே சேலையில் இரண்டு குர்தி வெட்டி, ஒன்றரை மீட்டர் மிஞ்சும். மேல்கரை 4 அங்குலத்துக்குள் இருக்கும் சேலையாகப் பாருங்கள், அதைவிட அகலமானால் தோளில் கரை வந்துவிடும். வெட்டுவதற்கு முன் சேலையை நனைத்துக் காயவையுங்கள்.